குருதியின் கதை – 14: வெள்ளைக் கட்டி

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையை விட்டதும் அடுத்து நிற்கிற நிலையம் தாம்பரம் சானடோரியம். அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சானடோரியம் என்பது இன்று ஊர்ப்பெயர்தான். 1928ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக அந்த இடத்தில் ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். அதன் பெயர் ரயில் நிலையத்தில் தங்கிவிட்டது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் நிலையம் நடத்திப் பெயர் பெற்றவர் அவர். கணித மேதை ராமானுஜன் 1917ல் அங்கே அவருடைய பராமரிப்பில் சில காலம் இருந்தார். தாம்பரத்து நிலையத்தை 1937ல் அரசு எடுத்துக்கொண்டது. இப்போது அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

பக்கத்திலேயே 2005 செப்டம்பரில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். பண்டிதரும் சித்த வைத்தியர்தானே. சித்த மருத்துவம் சொல்லும் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் ஒன்று அட்டை விடல். அங்கே அது இன்றும் நடக்கிறது.

இந்த வாரம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஆகாதவர்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன். ஹெப்பாரின் ஊசி போட்ட பிறகு, ரத்தம் இளகுவதற்குப் பதிலாகத் தமனிக்குள் கட்டி கட்டியாக உறைந்துபோகிறவர்கள். அந்தக் கதையை அட்டையில் தொடங்கக் காரணம் உண்டு. ஹெப்பாரினுக்கு முன்னால் இருந்தது அட்டை. ஹெப்பாரின் கைவிட்டபோது மருத்துவம் திரும்பிப்போய் நின்றதும் அட்டையிடம்தான்.

அட்டை விடுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வேறோர் ஊரில், ஒரு சித்த வைத்தியரின் அறையில். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஈரப் பஞ்சால் ஓர் அட்டையைப் பிடித்து எடுத்தார் வைத்தியர். புண்ணின் ஓரத்தில் வைத்ததும் அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து இடம் தேடியது, கவ்வவில்லை. ஊசி முனையால் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவழைத்தார். உடனே பிடித்துக்கொண்டது. "சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்" என்றார் பெரியவர். அரைமணி கழித்து, நூல்போல் வந்தது விரல் தடிமனாகி, தானே கழன்று விழுந்தது. அதன் வாயில் மஞ்சள் தூளைத் தூவினார்கள். குடித்ததைக் கக்கியது.

வைத்தியர் எனக்குக் காட்ட விரும்பியது கடிவாயை. மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவது போன்ற சின்னக் கீறல். அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடியும் ஊறியது. மஞ்சள் வைத்துக் கட்டிய துணி நனைந்தது, மாற்றினார்கள், அதுவும் நனைந்தது. காய் நறுக்கும்போது விரலில் அவ்வளவு சிறிய கீறல் விழுந்தால் ஐந்தாறு நிமிடத்தில் நின்றுவிடும். இது சாயங்காலம் வரை நிற்கவில்லை.

இதை நம்மவர்கள் எப்போதோ பார்த்துவைத்திருக்கிறார்கள். சுசுருதர் அட்டைகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை என்றார். திருவரங்கம் கோயிலில் தன்வந்திரியின் கையில் அமிர்த கலசத்தோடு அட்டையும் உண்டு. ஆனால் கடிவாய் ஏன் உறையவில்லை என்ற கேள்வியைக் கண்ணாடிக் குவளைக்குள் வைத்துப் பார்த்தவர் ஜான் பெர்ரி ஹேகிராஃப்ட் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். 1884ல் அட்டையின் தலைப்பகுதியிலிருந்து எடுத்த சாற்றைப் புது ரத்தத்தில் கலந்தார். ரத்தம் ரத்தமாகவே இருந்தது, உறையவில்லை. 1904ல் அந்தப் பொருளுக்கு ஹிருடின் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் அட்டைக்கு ஹிருடோ என்று பெயர்.

கதை இங்கிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் ஜேக்கப் ஏபல் என்பவர் 1913ல் ஒரு கருவி செய்தார். நாயின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, கழிவை நீக்கி, மறுபடி உடம்புக்குள் அனுப்பும் கருவி. இன்றைக்குக் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற இயந்திரத்தின் கொள்ளுப்பாட்டன் அது. வெளியே வந்த ரத்தம் குழாயில் உறைந்துவிட்டால் எல்லாம் வீண். ஏபல் அதற்கு ஹிருடினைத்தான் பயன்படுத்தினார். அட்டைகள் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும்; நூற்றுக்கணக்கில் தலையை வெட்டி அரைக்க வேண்டும். 1914ல் உலகப்போர் மூண்டதும் அட்டை வரத்து சிக்கலாகிவிட்டது.

அதே கல்லூரியில் ஜே மெக்லீன் என்று ஓர் இரண்டாமாண்டு மாணவர். பேராசிரியர் வில்லியம் ஹவல் அவருக்குக் கொடுத்த வேலை நேர் எதிரானது: ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடு. மெக்லீன் நாயின் ஈரலிலிருந்து ஒரு சாறு எடுத்து வைத்திருந்தார். நாளாக ஆக அந்தச் சாறு உறைய வைப்பதை விட்டுவிட்டு, உறைவதைத் தடுக்கத் தொடங்கியது. அவர் பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பின்படி, பூனையின் ரத்தத்தை ஒரு சிறு குவளையில் எடுத்து, அந்தச் சாற்றைக் கலந்து, ஹவலின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். இது எப்போது உறைகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது உறையவே இல்லை. 1916ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஈரலுக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயரை வைத்து 1918ல் ஹவல் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார்.

உறைய வைப்பதைத் தேடப் போனவன், கண்ணெதிரே குவளை வேறொன்று சொன்னபோது, தன் சோதனை கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடவில்லை. இந்தக் கதையில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் வருகிறார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் மரியாதை.

அதற்குப் பிறகு ஹெப்பாரின் வளர்ந்த வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். இன்சுலின் கண்டுபிடித்த குழுவில் இருந்த சார்லஸ் பெஸ்ட், டொரன்டோவில் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வழி செய்தார். அதே ஊரின் அறுவை மருத்துவர் கோர்டன் மரே 1930களின் நடுவில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஸ்வீடனிலும் அதே சமயம் அது நடந்தது. ஈரலுக்குப் பதிலாக மாட்டு நுரையீரல், பிறகு பன்றிக் குடல் என்று மூலப்பொருள் மாறியது. விலை குறைந்தது. அட்டை மறக்கப்பட்டது. இதய அறுவை, டயாலிசிஸ், ஆஞ்சியோ, எலும்பு அறுவைக்குப் பின் காலில் ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் ஊசி, கையில் குத்திய ஊசிக் குழாய் அடைக்காமலிருக்க விடும் சில சொட்டு என்று ஹெப்பாரின் இல்லாத மருத்துவமனை உலகத்தில் இல்லை என்ற நிலை வந்தது. எத்தனையோ கோடிப் பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இனி வரப்போவதைப் படித்துவிட்டு யாரும் ஹெப்பாரின் ஊசியைக் கண்டு பயப்படக் கூடாது.

1957 ஜூன் மாதம் நியூயார்க்கில் ரத்தக்குழாய் மருத்துவர்களின் கூட்டம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்ற சிற்றூர் மருத்துவமனையிலிருந்து ராஜர் வைஸ்மன், ரிச்சர்ட் டோபின் என்ற இருவர் வந்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் தாங்கள் பார்த்த பத்து நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். பத்துப் பேருக்கும் வேறு வேறு காரணத்துக்காக ஹெப்பாரின் கொடுக்கப்பட்டு வந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆன நிலையில் திடீரென்று காலுக்குப் போகும் தமனி அடைத்துக்கொண்டது. ஒருவருக்கே பல இடங்களில் அடைத்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே உறைகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த மருத்துவருக்கும் முதலில் என்ன தோன்றும்? மருந்து போதவில்லை, இன்னும் கூட்டு. கூட்டினார்கள், இன்னும் அடைத்தது. பத்துப் பேரில் ஆறு பேர் இறந்துபோனார்கள். பிழைத்த நால்வருக்கும் ஹெப்பாரினை நிறுத்தியிருந்தார்கள்.

அவர்கள் கவனித்த இன்னொன்று, எடுத்த கட்டியின் நிறம். தமனியைத் திறந்து எடுக்கிற ரத்தக்கட்டி வழக்கமாகக் கருஞ்சிவப்பாக, வேகவைத்த ஈரல் துண்டு மாதிரி இருக்கும். இவர்களிடம் கிடைத்தது வெளிறியது, மென்மையானது, சால்மன் மீனின் சதை நிறம் என்று எழுதினார்கள். சிவப்பணுக்கள் அதில் குறைவு. பின்னால் 1979ல் வேறொரு குழு இந்த நோய்க்கு வெள்ளைக் கட்டி நோய் என்றே பெயர் வைத்தது.

கூட்டத்தில் இருந்தவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளாக உயிர் காத்துவரும் மருந்து, தடுக்க வேண்டியதையே செய்கிறது என்றால் யாருக்குத்தான் மனசு ஒப்பும்? வைஸ்மனும் டோபினும் தட்டணுக்களை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கத்தில் இல்லை. 1964ல் ஃபிலடெல்ஃபியாவில் இதே போல் பதினோரு பேரைப் பார்த்துவிட்டு, இது ஒவ்வாமை மாதிரி உடம்பின் எதிர்ப்பொருள் செய்யும் வேலையாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். 1973ல்தான் டொனால்ட் சில்வரின் குழு முடிச்சை அவிழ்த்தது. ஹெப்பாரின் ஏற ஏறத் தட்டணுக்கள் சரிந்தன. நிறுத்தியதும் மீண்டு வந்தன.

தட்டணு என்ற சொல்லைச் சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை வீட்டுக்கு வீடு பிளேட்லெட் கவுன்ட் பேச்சுத்தான். டெங்குக் காய்ச்சலில் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கும். ஐம்பதாயிரம், இருபதாயிரம் என்று போகும். எங்கே ரத்தம் கசியுமோ என்று வீடே பயந்து கிடக்கும். தட்டணு குறைந்தால் ரத்தம் நிற்காது என்பது நமக்கு மனப்பாடம்.

ஹெப்பாரின் ஆகாதவரிடம் இந்தப் பாடம் தலைகீழாகிறது. தட்டணுவின் உள்ளே ஒரு புரதம் இருக்கிறது, மருத்துவர்கள் பி.எஃப். நான்கு என்பார்கள். அது வெளியே வந்து ஹெப்பாரினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அதன் வடிவம் மாறுகிறது. சிலருடைய உடம்பு அந்தப் புது வடிவத்தை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் செய்கிறது. அந்த எதிர்ப்பொருள் தட்டணுவைப் போய்த் தட்டி எழுப்புகிறது. எழுந்த தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகின்றன. கூடவே, ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் பெருக்கெடுக்கிறது. தட்டணு எண்ணிக்கை குறைவது, அவை செத்து ஒழிந்ததனால் மட்டும் இல்லை, கட்டிக்குள் செலவழிந்துகொண்டிருப்பதனாலும்தான். 1992ல் பிரான்சில் ஜான் அமிரால் என்பவரின் குழு இந்தப் புரதத்தை அடையாளம் காட்டியது.

உடம்பு எதிர்ப்பொருள் செய்ய நாள் எடுக்கும். அதனால்தான் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை என்று ஒரு கணக்கு. அண்மையில் ஏற்கெனவே ஹெப்பாரின் போட்டிருந்தால் முதல் நாளே நடக்கலாம். எண்ணிக்கை பாதிக்கு மேல் விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டரை லட்சம் இருந்தவருக்கு ஒரு லட்சம் என்றால், டெங்குப் பழக்கத்தில் 'ஒரு லட்சம் இருக்கே, பயமில்லை' என்று தோன்றும். இங்கே அது பயப்பட வேண்டிய எண்.

சேலையூரில் குடியிருக்கும் நண்பரின் அப்பாவுக்கு இப்படி நடந்தது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்து, காலில் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டுவந்தார்கள். எட்டாம் நாள் ராத்திரி, "இடது கால் மரத்துப்போச்சுடா, போர்வையை இழுத்து விடு" என்றார் மகனிடம். நண்பர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் போல் இருந்தது. நிறம் வெளுத்திருந்தது. கட்டைவிரலை அசைக்க முடியவில்லை. பணியிலிருந்த இளம் மருத்துவர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி தேடினார், கிடைக்கவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினார். முதல் நாள் 2,40,000. அன்று காலை 70,000. நண்பர், எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்: "பிளேட்லெட் ஏத்திடலாமா டாக்டர்?" மருத்துவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் சார். ஏத்தினா அதுவும் அங்கேயே போய்க் கட்டிக்கும்" என்றார். பிறகு செவிலியரைக் கூப்பிட்டு, ஊசிக் குழாய் கழுவ வைத்திருந்த ஹெப்பாரின் பாட்டில் உட்பட அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார்.

எடுத்துவிட்டால் மட்டும் போதாது. இதுதான் இந்த நோயில் மருத்துவ உலகம் அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். ஹெப்பாரினை நிறுத்தியபின்னும் எதிர்ப்பொருள் வேலையை நிறுத்தாது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் கட்டி உண்டாகலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும். வாய்வழி கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை அவசரமாகத் தொடங்கினால் இன்னும் மோசம். ரத்தத்தில் இயற்கையாக இருக்கும் தடுப்புப் புரதத்தை அது முதலில் குறைத்துவிடுவதால் கால்விரல்கள் அழுகிப்போனவர்கள் உண்டு. 1990களில் கனடாவின் தியோடர் வார்கன்டின் அதை விளக்கினார். தட்டணு ஒன்றரை லட்சத்தைத் தொடும் வரை வார்ஃபரின் பக்கம் போகக் கூடாது. தமனி அடைப்பென்றால் அறுவை மருத்துவர் குழாய்க்குள் சின்னப் பலூன் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்க வேண்டும். அந்த அறுவைக்கே வழக்கமாகக் கொடுப்பது ஹெப்பாரின். ஆக, ஹெப்பாரின் மாதிரியே உடனே வேலை செய்து, ஹெப்பாரினோடு எந்த உறவும் இல்லாத ஒன்று தேவைப்பட்டது.

அட்டை இங்கே திரும்பி வருகிறது.

ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் மார்க்வார்ட் என்ற மருந்தியல் அறிஞர், உலகமே ஹெப்பாரினைக் கொண்டாடிய 1950களில், அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1957ல் ஹிருடினைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துவிட்டார். வைஸ்மனும் டோபினும் நியூயார்க்கில் பேசிய அதே ஆண்டு. நோயும் அதற்கான மருந்தின் விதையும் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தும், இரண்டும் சந்திக்க நாற்பது ஆண்டு ஆயிற்று. ஹிருடின் த்ராம்பினை நேராகப் பிடித்துக் கட்டிப்போடும், இடைத்தரகர் தேவையில்லை, பி.எஃப். நான்கோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. மரபணுத் தொழில்நுட்பம் வந்தபின், அட்டையின் மரபணுக் கட்டளையை ஈஸ்டுக்குள் வைத்து அங்கேயே உற்பத்தி செய்தார்கள். லெபிருடின் என்ற அந்த மருந்து 1997ல் ஐரோப்பாவிலும் 1998ல் அமெரிக்காவிலும் ஹெப்பாரின் ஆகாதவர்களுக்கென்றே அனுமதி பெற்றது. அட்டையைப் பார்த்து இருபது அமினோ அமிலங்களில் செயற்கையாகக் கட்டிய பைவலிருடின் அடுத்து வந்தது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது ஹெப்பாரினுக்குப் பதிலாக அது உதவுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலுக்குப் போகும் தமனி அடைத்துவிட்டால் அட்டை விட்டுச் சரி செய்ய முடியாது. அது மணிக்கணக்கில் முடிவு தெரிகிற அவசரம். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் கால் நிற்பது கடினம். சித்த மருத்துவர்களும் ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அட்டை விடுவதில்லை. அட்டையின் எச்சிலில் இருந்த அறிவுதான் மருந்தானது.

நண்பரின் அப்பாவுக்குக் கொடுத்த மருந்து வேறு: ஆர்கட்ரோபான். நள்ளிரவில் நகரத்திலிருந்து ஆள் போய் வாங்கி வந்தார்கள். அதைப் பற்றி நான் பிறகு தேடிப் படித்தேன். ஜப்பானின் கோபே நகரில் ஷோசுகே ஒகமோட்டோ என்ற அறிஞர் தலைமையில் உருவானது. அவரும் அவர் மனைவி உடாகோவும் சேர்ந்து அதற்கு முன்பே டிரானெக்ஸமிக் அமிலத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காதபோது இன்று நம் அரசு மருத்துவமனைகளில் போடுகிற ஊசி அது. ரத்தத்தை நிற்க வைக்கும் மருந்தும் ஓட வைக்கும் மருந்தும் ஒரே ஆய்வாளரின் கையிலிருந்து வந்தன. 1990ல் ஜப்பானில் ஆர்கட்ரோபான் அனுமதி பெற்றது நாள்பட்ட தமனி அடைப்புக்காக. 2000ல் அமெரிக்கா ஹெப்பாரின் ஆகாதவர்களுக்காக அதை ஏற்றது. கல்லீரல்தான் அதை உடம்பிலிருந்து அகற்றுகிறது. ஆகவே சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தயக்கமின்றிக் கொடுக்கலாம், கல்லீரல் கெட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். லெபிருடினுக்கு இது நேர்மாறு. ஆர்கட்ரோபானைத் துளித்துளியாக ஏற்றி, ரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி பார்த்து, அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேலை ஓய்ந்துவிடும். அது ஒரு வசதி.

அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு உயிரையும் சொல்லாமல் இந்த ஊர்ப் பக்கத்துக் கதை முடியாது. 1970ஐ ஒட்டி, ராமுலஸ் விட்டேக்கர் தன் பாம்புப் பண்ணையை முதலில் வைத்தது சேலையூரில். 1972ல் அது கிண்டிக்குப் போனது. பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள். தோல் வியாபாரம் தடைபட்டபின் பிழைப்புக்கு வழியில்லாமல் நின்ற அவர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978ல் உருவாகி, இன்று வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. மண்பானைகளில் மணல் போட்டு, துணியால் வாய்கட்டி, பாம்பை வைத்திருப்பார்கள். கண்ணாடிக் குவளையின் வாயில் சவ்வு போர்த்தி, அதைக் கடிக்க வைத்து, விஷத்தைச் சொட்டு சொட்டாக வாங்குவார்கள். சில வாரம் வைத்திருந்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். நாடு முழுக்கப் பாம்புக்கடிக்கு மருந்து செய்யப் போவது பெரும்பாலும் இந்த விஷம்தான். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்கள் பிடிக்கும் சுருட்டை விரியனின் விஷத்தில், தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதைத் தடுக்கும் ஒரு புரதம் உண்டு. அதை மாதிரியாக வைத்து உருவாக்கிய டிரோஃபிபான், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்படுகிறவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. கண்ணாடி விரியனின் விஷம், இளவயதில் காரணம் தெரியாமல் தமனி அடைப்பு வருகிறவர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் பரிசோதனையில் பயன்படுகிறது.

பாம்பு விஷத்தையே ஹெப்பாரின் ஆகாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. அதன் தொடக்கம் பினாங்கு மருத்துவமனையில், அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவரிடம். கெடாவிலும் பினாங்கிலும் தமிழர்கள் பால்வெட்டிய ரப்பர் தோட்டங்களில் மலாய் விரியன் கடித்து ஆட்கள் வருவார்கள். கடித்து நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஆன பிறகும், அவர்கள் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவில்லை. ஆனாலும் பலர் பெரிய ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் வார்டில் உட்கார்ந்திருந்தார்கள். ரீட் அதை 1963ல் எழுதினார். அந்த விஷத்திலிருந்து பிரித்த அன்க்ராட் என்ற மருந்தைக் கனடாவில் ஹெப்பாரின் ஆகாதவர்களுக்குச் சில காலம் கொடுத்தார்கள். அது உறைவதற்கான மூலப்பொருளைத் தீர்த்துவிடுமே தவிர த்ராம்பினைத் தொடாது. அதனால் ஹிருடின் வகை மருந்துகள் வந்ததும் விலகிக்கொண்டது.

ரீட் பார்த்த அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பாம்புக்கடி என்று யாரையாவது கொண்டுவந்தால், சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாகி நின்றால் ஒன்று. தண்ணீராக ஓடினால் இன்னொன்று. மெக்லீன் பேராசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்த குவளைதான் அது.

வெள்ளைக் கட்டி நோய் 2021ல் உலகம் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டியது. நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட அஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்குப் பின், மிக மிக அரிதாகச் சிலருக்குத் தட்டணு சரிந்து ரத்தம் கட்டியது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஆந்த்ரேயாஸ் கிரைனாக்கர் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அவர் வாழ்நாளெல்லாம் ஹெப்பாரின் ஆகாதவர்களைப் பற்றி ஆய்ந்தவர். ஹெப்பாரினே போடாதவர்களிடம் அதே பி.எஃப். நான்கு எதிர்ப்பொருள். சில வாரங்களுக்குள் சிகிச்சை முறை உலகம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. 1957ல் அந்தப் பத்துப் பேருக்குக் கிடைக்காத வேகம்.

லெபிருடின் 2012ல் நின்றுபோனது. தயாரித்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆர்கட்ரோபானும் பைவலிருடினும் இருக்கின்றன. ஃபோண்டாபாரினக்ஸ் ஊசியும், நிலைமை தணிந்தபின் புதுவகை மாத்திரைகளும் பயன்படுகின்றன. எதிர்ப்பொருள் பெரும்பாலும் சுமார் மூன்று மாதத்தில் ரத்தத்தைவிட்டு மறைந்துவிடும். அதற்குப் பிறகு இதய அறுவை போன்ற தவிர்க்க முடியாத தேவை வந்தால், சோதித்துப் பார்த்து, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரின் கொடுப்பதும் உண்டு. மற்றபடி வாழ்நாளுக்கும் தள்ளி வைப்பதே வழக்கம்.

நண்பரின் அப்பாவுக்கு இரண்டு விரல்கள் போயின. கால் நின்றது. சேலையூர் ஏரிப் பக்கம் ஊன்றுகோலோடு நடக்கிறார். அவருடைய சட்டைப்பையில், பேருந்து பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், மகன் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. 'எனக்கு ஹெப்பாரின் ஆகாது. குழாய் கழுவக்கூடப் போட வேண்டாம்.' கீழே அந்த மருத்துவரின் கையெழுத்தும் தேதியும். போன மாதம் கண்புரை அறுவைக்குப் போனபோது, கண்ணுக்கு அது தேவைப்படாது என்று மகன் சொல்லியும் கேட்காமல், அனுமதிச் சீட்டு எழுதிய செவிலியரிடம் அதை எடுத்துக் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாராம்.

(தொடரும்)